பட்டாணிப் பேத்தை



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில் பெரும்பாலோர் மாடிக் குடியிருப்புகளில் இரண்டு மூன்று அறைகளுக்குள் வாழ்கின்றோம். முற்றமில்லை, கிணற்றடியில்லை, கொல்லைப்புறம் என்ற சொல்லே நம் குழந்தைகளுக்குக் கதையில் வருகிற சொல்லாகிவிட்டது. நாய் வளர்க்கலாமென்றால் வீட்டுக்காரர் இசைவதில்லை. கிளியைக் கூண்டிலடைப்பதை நாட்டின் சட்டமே தடுக்கிறது. எஞ்சியிருப்பது மீன். ஒரு மேசையின் மீது ஒன்றரை அடி இடம் கிடைத்தால் போதும். ஓர் ஆற்றின் சிறு துண்டை வீட்டிற்குள் வைத்துக்கொள்ளலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மீன்களில் ஒரே ஒரு மீனைப்பற்றி. அது பட்டாணியைவிடச் சற்றே பெரியது. அங்காடியில் அதற்குப் ‘பீ பஃபர்’ என்று பெயர். நம் கடற்கரைச் செம்படவர்கள் பேத்தை என்றழைக்கும் குலத்தைச் சேர்ந்தது. ஆனால் கடலையே காணாதது. ஆகையால் நான் அதைப் பட்டாணிப் பேத்தை என்று அழைத்து வருகிறேன். நீங்கள் வேறு நல்ல பெயர் வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை.

கல்கத்தாவில் (பெயர் மாறியது 2001-ஆம் ஆண்டில், வாய் இன்னும் மாறவில்லை) வடபகுதியில் கலிஃப் தெரு என்றொரு தெரு உண்டு. ஞாயிறுதோறும் அங்கே செடிகளும் பறவைகளும் மீன்களும் விற்கும் சந்தை கூடும். ஒரு மார்கழி ஞாயிறன்று என் மகளுடன் அங்கே சென்றிருந்தேன். நெகிழிப் பைகளில் வண்ண வண்ண மீன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு பையில், மஞ்சளும் பச்சையும் கலந்த உடலில் கரும்புள்ளிகள் இட்ட மிகச் சிறிய மீன்கள் சில. மற்ற மீன்களெல்லாம் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்க, இவை மட்டும் நின்ற இடத்திலேயே நின்று எங்களைப் பார்த்தன. பார்த்தன என்று நான் சொல்வது அணிக்காக அன்று. அவற்றின் இரு கண்களும் தனித்தனியே அசைந்தன. ஒரு கண் என் மேல், மற்றொரு கண் மகள் மேல்.

“தாதா, இது எந்த ஊர் மீன்?” என்று வங்காளத்தில் கேட்டேன்.

“தெற்கேயிருந்து வருகிறது, தாதா. கேரளம்,” என்றார் அவர்.

என் மகள் மெல்ல, “அப்பா, நம்ம ஊர்ப்பக்கம்!” என்றாள். அதன்பின் விலை பேசுவதற்கு எனக்கு வாய் எழவில்லை. மூன்று வாங்கினோம்.

அந்த மூன்றும் பதினொரு நாட்களில் இறந்துபோயின. அந்த இழப்பிற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே. அதை மறைத்துவிட்டு வளர்ப்பு முறையை மட்டும் உங்களுக்குச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அதற்கு முன் இம்மீனின் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

பேத்தைக் குலத்துக்கு அறிவியலார் இட்டுள்ள பெயரின் பொருள் ‘நாற்பல்லி’ என்பதாகும். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள் ஒட்டி, கிளியின் அலகைப்போல் அமைந்திருக்கும். நத்தையோட்டையும் நண்டோட்டையும் உடைப்பதற்கு ஏற்ற கருவி அது. நம் நகங்களைப்போல் அப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். கடினமான இரையைக் கடித்துக் கடித்துத் தேய்த்துக்கொள்ளவேண்டும். உடலில் மற்ற மீன்களுக்குள்ளதுபோன்ற செதில்கள் இல்லை. வயிற்றுப்புறத் துடுப்புகளும் இல்லை. மார்புத் துடுப்புகளை விசிறிபோல் ஆட்டி, முதுகுத் துடுப்பையும் அடித்துடுப்பையும் துணைக்கொண்டு நீந்தும். வாலைச் சுக்கான் போலத் திருப்புவதற்கே பெரும்பாலும் பயன்படுத்தும். ஆகையால் அது விரைந்தோடும் மீனன்று. ஆனால் நின்ற இடத்தில் நிற்கவும், பின்னோக்கி நகரவும், செங்குத்தாக மேலேறவும் வல்லது. அச்சம் நேர்ந்தால் நீரை விழுங்கி வயிற்றை உப்பவைத்துப் பந்தாகிவிடும். விழுங்க வருகிற எதிரியின் வாய்க்கு அது அடங்காது.

இந்த உப்பலைக் காண்பதற்காக மீனைக் கரண்டியால் சீண்டுவோர் உண்டு. வீட்டிற்கு வரும் விருந்தினர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், “எங்கே, ஊதச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். தயவுசெய்து இணங்காதீர்கள். உப்புவது அதற்கு விளையாட்டன்று, உயிரச்சம். வலையால் தூக்கி நீருக்கு வெளியே எடுத்தால் நீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கிவிடும். பிறகு அக்காற்றை வெளியேற்ற இயலாமல் தலைகீழாக மிதந்து துன்புறும். ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமானால் ஒரு குவளையை நீருக்குள்ளேயே அமிழ்த்தி, மீனை நீரோடு மொண்டெடுப்பதே முறை.

இக்குலத்தின் பெரும்பகுதி கடலிலும் கழிமுகங்களிலும் வாழ்வது. நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே முடிகிற பேத்தைகள் நைல் ஆற்றிலும், காங்கோவிலும், அமேசானிலும், மேகாங்கிலும் உண்டு. நம் நாட்டில் கங்கைச் சமவெளியிலும் அஸ்ஸாமிலும் ஓர் இனம் உண்டு. வங்காளிகள் அதைத் டேபா என்றும் போட்கா என்றும் சொல்வர். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளுக்கு உரியது நமது பட்டாணிப் பேத்தை. பம்பையிலும், சாலக்குடியாற்றிலும், பாரதப்புழையிலும், வேம்பநாட்டு ஏரிக்குச் சேரும் நீர்நிலைகளிலும் செடிகள் அடர்ந்த, ஓட்டம் மெலிந்த இடங்களில் அது வாழ்கிறது.

இம்மீனை உலகுக்கு முதலில் அறிவித்த ஆய்வுரை வெளிவந்தது திருவிதாங்கூரிலன்று, கல்கத்தாவில். சுந்தர்லால் ஹோரா என்ற பஞ்சாப்காரரும் கே. கே. நாயரும் சேர்ந்து 1941-ஆம் ஆண்டில், இங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில், பம்பையாற்றில் கிடைத்த இச்சிறு மீனை விவரித்துத் திருவிதாங்கூரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஹோரா பின்னர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து 1955-இல் மறைந்தார். சௌரங்கி வழியாகப் பேருந்தில் செல்லும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கட்டிடத்தைப் பார்த்து, நம் வீட்டுச் சிற்றுயிரின் பெயர்சூட்டு விழா நடந்த இடம் இதுவல்லவா என்று நினைத்துக்கொள்வேன். மீனின் முழு வளர்ச்சியே மூன்றரை சென்டிமீட்டர். பெரும்பாலும் அதற்கும் குறைவு. உலகிலுள்ள பேத்தைகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று.

இனி, இறந்துபோன மூன்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சந்தையிலேயே ஒரு புதுத் தொட்டியும் வாங்கினேன். வீட்டிற்கு வந்ததும் கழுவி, குழாய்நீரை நிரப்பி, மணலிட்டு, அன்று மாலையே மீன்களை விட்டேன். நீர் பளிங்குபோல் இருந்தது. ஒரு நண்பர், “பேத்தை உப்புநீர் மீன், ஒரு கைப்பிடி கல்லுப்புப் போடு” என்றார். போட்டேன். கடையில் விற்கும் தவிட்டு வில்லைகளை உணவாக இட்டேன்; அவை தொடவில்லை. பசியில்லை போலும் என்று மேலும் இட்டேன். நான்காம் நாள் மீன்களின் நிறம் கறுத்தது. ஏழாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் ஒன்று, பதினொன்றாம் நாள் கடைசி ஒன்று. நீர் அன்றும் பளிங்குபோலவே இருந்தது.

தெளிந்த நீர் தூய நீர் என்று எண்ணியதுதான் என் முதற்பிழை. மீன் தன் செவுள்களின் வழியாக இடைவிடாது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாத உணவு அழுகினாலும் அம்மோனியாவே பிறக்கும். ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறுகிற ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை நீர்ச்செடிகள் ஓரளவு உண்ணும். எஞ்சியது வாரந்தோறும் நாம் மாற்றும் நீரோடு வெளியேறும். இந்த நுண்ணுயிர்க் குடித்தனம் நிலைபெறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீனை விடுவது, சாக்கடை கட்டாத ஊரில் மக்களைக் குடியேற்றுவது போன்றது.

ஆகையால் தொட்டியை இன்று வாங்கினால் மீனை அடுத்த மாதத்திற்கும் அப்பால் வாங்குங்கள். இடைக்காலத்தில் செடிகளை நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை நீரிலிட்டு அழுகவிடவேண்டும். அதிலிருந்து தோன்றும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. நெடுநாளாக நோயின்றி மீன் வளர்க்கும் அன்பர் எவரேனும் அருகிலிருந்தால், அவர் வீட்டு வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து நம் தொட்டியிலிடலாம். உறைமோர் கேட்டு வாங்குவதைப் போலத்தான். சோதனைத் துளிமருந்துப் பெட்டிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழி என்று காட்டிய பின்னரே மீன் வரலாம். பேத்தைக்குச் செதிலில்லை என்றேனல்லவா? நீரின் கேடு மற்ற மீன்களைவிட அதை விரைவில் தாக்கும்.

உப்பு இரண்டாம் பிழை. பட்டாணிப் பேத்தை முழுக்க முழுக்க நன்னீர் மீன். அதற்கு உப்பு வேண்டவே வேண்டாம். இக்குழப்பத்திற்குக் காரணம், அதே அங்காடிகளில் நன்னீர்ப் பேத்தை என்ற பெயராலேயே விற்கப்படும் வேறொரு மீன். பச்சை முதுகில் கரும்பொட்டுகளோடு, குஞ்சாக இருக்கையில் மிக அழகாக இருக்கும். அது கழிமுகத்து மீன், வளர வளர உப்பு கலந்த நீர் வேண்டும், அரை அடி வரை வளரும், பெருந்தொட்டி கேட்கும். நன்னீரில் வைத்தால் சில மாதங்கள் தாக்குப்பிடித்துப் பின் மெலிந்து மடியும். (அந்த மீனுக்கு வேறொரு புகழும் உண்டு. முதுகெலும்புள்ள உயிர்களில் மிகச் சிறிய மரபுத்தொகுதி கொண்டவற்றுள் ஒன்றென்பதால் அறிவியலார் அதை முழுவதும் படித்து 2004-இல் வெளியிட்டார்கள்.) வாங்குமுன் இரண்டையும் பிரித்தறிந்துகொள்ளுங்கள். மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது நம் பட்டாணி அன்று.

ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 40 லிட்டர் கொள்ளும். அதில் ஆண் ஒன்று, பெண் இரண்டு என மூன்று மீன்கள் வாழலாம். இரண்டு ஆண்களைச் சிறு தொட்டியிலிட்டால் ஒன்று மற்றொன்றை ஓய்வின்றித் துரத்தி மெலிவித்துவிடும். வளர்ந்த ஆணின் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். கண்ணுக்குப் பின்னே மினுமினுக்கும் சுருக்கக் கோடுகள் தெரியும். பெண் உருண்டு, புள்ளிகள் சிறிதாக இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இவ்வேறுபாடு தெரியாது. சந்தையில் விற்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. அதனால் எனக்கு இரண்டாம் முறை வந்தவற்றுள் இரண்டு ஆணாகப் போய்விட்டன. ஒன்றைத் தனித் தொட்டியில் வைக்க நேர்ந்தது. “அப்பா, இத்தனூண்டு இருந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று மகள் கேட்டாள். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம் குடியிருப்பின் தண்ணீர்க் குழாயடியைக் காட்டினேன்.

கோபத்துக்குச் செடியே மருந்து. ஒரு மீன் மற்றொரு மீனை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. நீர்ப்பாசிக் கற்றைகள், வேலம்பாசி, மரவேர்த் துண்டு, கவிழ்த்த மண்சட்டியின் ஓடு என்று மறைவிடங்களைச் செறிவாக அமைத்துவிட்டால் ஆளுக்கொரு மூலை கிடைக்கும், போர் குறையும். கப்பி, தங்கமீன் முதலிய நீள்வால் மீன்களை இவற்றோடு சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். பேத்தை அவற்றின் வாலைக் கத்தரித்துவிடும். தன்னந்தனியாக வைப்பதே மேல் என்பது என் கருத்து.

இனி உணவு. இந்தப் பகுதியில்தான் பலர் தோற்கிறார்கள். பட்டாணிப் பேத்தை வேட்டை விலங்கு. அசையாத உணவை அது பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்க்காது; தவிட்டு வில்லையை உணவென்றே ஒப்புக்கொள்ளாது. தொட்டிச் செடிகளோடு வந்து பெருகுகிற சின்னஞ்சிறு நத்தைகள்தாம் அதற்கு அமுது. ஊறுகாய்ச் சாடி ஒன்றில் நீர்விட்டு, வாடிய கீரைத்தண்டையும் சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு முட்டையோட்டுத் துண்டையும் இட்டு, நான்கு நத்தைகளை விட்டு, வெயில் சிறிது படும் சன்னலில் வைத்தால், ஓரிரு மாதங்களில் சாடி நிறைய நத்தைக் குஞ்சுகள் ஊரும். மீன் வளர்க்கிறவர் முதலில் நத்தை வளர்க்கவேண்டும். என் மனைவி, “ஊரிலே செடியில் நத்தை ஏறினால் உப்பைத் தூவி விரட்டுவோம், இங்கே அதற்குக் கீரை வாங்கிப் போடுகிறோம்” என்று சொல்லிக்கொண்டே கீரையை ஆய்வாள். சொல்வாளே தவிர, நத்தைச் சாடிக்கு நீர் மாற்றுவது அவள்தான்.

வேட்டையைக் காண்பது பேரின்பம். நத்தையைக் கண்டதும் மீன் நின்றுவிடும். வாலை ஒருபுறம் மடித்து, தலையைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணாலும் பின் மற்றொரு கண்ணாலும் அளந்து பார்க்கும். நத்தை தன் ஓட்டிலிருந்து முழுதும் வெளிப்படும் வரையில் காத்திருக்கும். ஒரே கடி. ஓடு மணலில் விழும் ஓசை, இரவில் வீடு அமைதியாயிருக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே கேட்கும். பெரிய நத்தையை அது உடைப்பதில்லை. இறைச்சியை மட்டும் பிடுங்கித் தின்னும்.

நத்தையோடு உறைபனியிட்ட செம்புழுவும் கொடுக்கலாம். கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத, ஒரு பூச்சியின் புழு அது. கடைகளில் பிளட் வார்ம் என்று கேட்டால் தருவார்கள். இடுக்கியின் நுனியில் பிடித்து அசைத்துக் காட்டினால் இரண்டு மூன்று நாட்களில் பழகிக்கொள்ளும். டாப்னியாவும் ஆர்ட்டீமியாவும் நல்லவை. சாக்கடைச் சேற்றிலிருந்து எடுத்து உயிரோடு விற்கும் டியூபிபெக்ஸ் புழுக்களை நான் தவிர்க்கிறேன். மலிவுதான், ஆனால் நோயையும் உடன் கொண்டுவரும். கொசுப்புழுவைப் பேத்தை ஆவலோடு உண்ணும் என்பது உண்மை. அதற்காக வீட்டில் வாளியில் நீர் தேக்கிக் கொசு வளர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். டெங்கு பரவும் நகரங்களில் வாழ்கிறோம். நகராட்சிக்காரர் வந்து தண்டம் விதித்தால் மீனின் பெயரைச் சொல்லித் தப்ப இயலாது. நாளுக்கொரு முறை, வயிறு சற்றே உருளும் அளவு போதும். எப்போது பார்த்தாலும் அது கண்ணாடிக்கு அருகே வந்து பட்டினி கிடப்பதுபோல் பார்க்கும். நம்பாதீர்கள்.

நீரைப்பற்றிச் சில சொற்கள். வாரத்துக்கொரு முறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றவேண்டும். நகராட்சி நீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் அது பெரும்பாலும் அகலும். குளோரமின் கலக்கும் ஊர்களில் அவ்வாறு அகலாது. அதற்கு மீன்கடைகளில் விற்கும் நீர்ச்சீர்மருந்தே ஏற்றது. சோடியம் தயோசல்பேட் குளோரினை மட்டும் விரைவில் முறிக்கும். தில்லியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. பேத்தை ஓரளவு கடினத்தைத் தாங்கும், ஆனால் நாளுக்கொரு வகை நீரைத் தாங்காது. லாரித் தண்ணீர் ஒருநாள், குழாய்நீர் ஒருநாள் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதைத் தவிர்க்கவேண்டும்.

வெப்பநிலை 24 முதல் 28 பாகை வரை இருக்கவேண்டும். பம்பைக் கரையில் பிறந்த மீனுக்கு வடநாட்டுக் குளிர் தெரியாது. மும்பையில் வாழ்வோருக்கு இக்கவலை குறைவு. பெங்களூரில் மார்கழி இரவுகளிலும், கல்கத்தாவில் பௌஷ மாதத்திலும், தில்லியில் கார்த்திகை தொடங்கியே மாசி வரையிலும், தானாக அணைந்தெரியும் ஹீட்டர் ஒன்று தொட்டியில் இருந்தாகவேண்டும். என் முதல் மூன்று மீன்களும் மார்கழியில், ஹீட்டர் இன்றி இருந்தன என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். மின்வெட்டு ஏற்பட்டால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், அப்போது உணவிடாதீர்கள்.

ஆற்றிலிருந்து பிடித்து வந்த மீன்களுக்குக் குடற்புழு இருப்பது வழக்கம். நன்றாக உண்டும் வயிறு ஒட்டியே இருந்தால் அதுவே அடையாளம். புழுநீக்க மருந்துகள் உண்டு. அளவறிந்தவரைக் கேட்டே இடவேண்டும். தாமிரம் கலந்த மருந்துகளை மட்டும் தொட்டியருகே கொண்டுவராதீர்கள். அது பேத்தைக்கும் ஆகாது, நத்தைக்கும் எமன்.

எதிர்வீட்டில் ஒரு முதிய வங்காள அம்மையார் இருக்கிறார். கிழக்கு வங்காளத்திலிருந்து குழந்தைப் பருவத்தில் வந்தவர். நாங்கள் மாஷிமா என்றழைப்போம். முதல் நாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “அடே பாபா, இது போட்கா அல்லவா! குழம்பும் வைக்கமுடியாத மீனை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். அவர் ஊரில் பேத்தையை உண்டு ஒரு குடும்பமே மாண்டதாகச் சிறுவயதில் கேள்விப்பட்டாராம். அவர் அச்சத்தில் பொருளுண்டு. கடற்பேத்தைகளின் ஈரலிலும் சினையிலும் கொடிய நஞ்சுண்டு. ஆசியாவின் நன்னீர்ப் பேத்தைகளிலும் நரம்பை முடக்கும் நஞ்சு காணப்பட்டிருக்கிறது. சமைத்தாலும் அது அழியாது. அதற்கு முறிமருந்தும் இல்லை. ஆனால் தொட்டியில் இருக்கும் மீனால் நமக்குத் தீங்கில்லை. அதைத் தொட்ட நீரில் கையிட்டால் நஞ்சேறாது. இதை விளக்கியபின் மாஷிமா சமாதானமடைந்தார். இன்று நாங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மீனைப் பார்த்துக்கொள்பவர் அவரே.

ஊர்ப்பயணம், வெளிமாநிலத் தமிழர் மீன் வளர்ப்பதற்குப் பெருந்தடை. வளர்ந்த மீன் நன்கு உண்டிருந்தால் நான்கைந்து நாள் உணவின்றி இருக்கும். அதற்குமேல் ஒருவர் துணை வேண்டும். புறப்படும் நாளில் தொட்டிக்குள் முப்பது நாற்பது நத்தைக் குஞ்சுகளை விட்டுவிடுகிறேன். நாளுக்குரிய செம்புழுவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தேதி எழுதிவிடுகிறேன். பொட்டலமாகக் கட்டாமல் ‘கொஞ்சம் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிச் சென்ற ஆண்டில், மாஷிமா விருந்தோம்பலில் குறைவைக்கவில்லை. திரும்பி வந்தபோது நீர் நாறியது. நல்லவேளை, மீன் பிழைத்தது.

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி உங்களுக்கு எழவேண்டும். எழாவிட்டால் நானே எழுப்புகிறேன். மலையாள நாட்டு ஆற்றில் சுதந்திரமாய்த் திரியும் மீனைப் பிடித்து ஆயிரம் கல்லுக்கு அப்பால் கொண்டுவந்து அடைப்பது முறையா? உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை அழிவுக்கு ஆளாகக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. மணல் அள்ளுதல், பூச்சிமருந்து, வாழிடச் சிதைவு ஆகியவற்றோடு, மீன்தொட்டி வாணிகத்துக்காகப் பெருமளவில் பிடிப்பதும் அதற்கொரு காரணம். இறந்த மூன்று மீன்களை எண்ணும்போது, நானும் அந்தக் கணக்கில் ஒரு சிறு பற்றெழுதியவன் என்பது நெஞ்சில் உறுத்துகிறது. ஆகையால் இரண்டாம் முறை வாங்கும்போது, கூடுமானால் இனிச் சந்தையில் வாங்குவதில்லை, வீட்டிலேயே பெருக்குவது என்று உறுதி செய்துகொண்டேன்.

அது அத்தனை கடினமன்று. நல்ல உணவும் அடர்ந்த பாசியும் இருந்தால், ஆண் மீன் நிறம் கறுத்துப் பெண்ணைப் பாசிக்குள் ஓட்டிச் செல்லும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடிபோன்ற முட்டைகள் சிலவே இடப்படும். தாயும் தந்தையும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை, கண்ணில் பட்டால் தின்றுவிடவும் கூடும். பாசிக் கற்றையை அப்படியே எடுத்து வேறொரு சிறு தொட்டியிலிடவேண்டும். ஏறத்தாழ ஐந்து நாளில் குஞ்சு பொரிக்கும். முதல் வாரத்தில் நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே உணவு. பிறகு அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகள். முதல் ஈட்டில் எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாம் ஈட்டில் ஏழு பிழைத்தன. மிளகளவு உடலில் இரண்டு கண்கள் மட்டுமே தெரியும்.

மிகையான குஞ்சுகளை ஊர்க்குளத்தில் விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். விடவே கூடாது. அந்தக் குளம் அவற்றின் நாடன்று. அங்குள்ள உயிர்களுக்கு நம் தொட்டி நோய்களை ஏற்றுமதி செய்வதாகவும் முடியும். வளர்க்கத் தெரிந்தவர்க்கே கொடுக்கவேண்டும். ஏழில் நான்கை லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் அன்பர் ஒருவர் பெற்றுக்கொண்டார். ஆறு வாரம் தொட்டியை ஆயத்தம் செய்து, சோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டிய பிறகே கொடுத்தேன். இரண்டு, மாஷிமாவின் பேரனிடம் இருக்கின்றன.

எஞ்சிய ஒன்று எங்கள் மேசையிலேயே இருக்கிறது. அதற்கு இப்போது வயது மூன்று. நன்கு பேணினால் இம்மீன் நான்கைந்து ஆண்டுகள் வாழும். இவ்வுரையை நான் எழுதிக்கொண்டிருந்தபோது அது பாசிக்குப் பின்னிருந்து வெளியே வந்து, ஒரு கண்ணால் என் பேனாவையும் மற்றொரு கண்ணால் கண்ணாடியில் ஏறும் நத்தையையும் பார்த்துக்கொண்டிருந்தது. நத்தை இன்னும் ஓட்டை விட்டு வெளியே வரவில்லை.